தண்ணீருக்குள் போட்ட முடிச்சு

என் வீட்டுக்காரர் ராஜபாளையம் மில்லிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏதோ பென்ஷன் காகிதம் விஷயமாகப் போனவர், திரும்பி வரும்போது ஒரு பாலிதீன் பையில் தண்ணீரும் அதற்குள் ஒரு மீனும் கொண்டுவந்தார். வீட்டுக்கு மீன் வந்தால் அது குழம்புக்கு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இது என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடம்பு நீலம், வால் சிவப்பு. அந்த வாலும் துடுப்பும் மட்டும் முந்தானை மாதிரி விரிந்து கிடந்தன.

"இது என்னது?" என்றேன்.

"ஃபைட்டர் மீனு. தனியாத்தான் விடணுமாம். இன்னொன்னு கூட இருந்தா சண்ட போட்டு கொன்னுபோடுமாம்."

"நம்ம வீட்ல ஏற்கெனவே ஒரு ஃபைட்டர் இருக்கது பத்தலயாக்கும்?"

என்னைத்தான் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் அந்த மீனை வீட்டுக்குள் விட்டேன், இல்லாவிட்டால் பையோடு தெருவில் நின்றிருப்பார்.

முப்பத்தைந்து வருஷம் நூல் மில்லில் இருந்தவர் அவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். அதனால் எங்கள் வீட்டில் 'உப்பு வேணுமா' என்று கேட்பதுகூடத் தெருமுனை வரை கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் அது உண்மையும்கூட. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோனது. ஷிப்டு நேரத்துக்கு முழிப்பு வந்து எழுந்துவிடுவார். போவதற்கு இடம் இல்லை. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவான். அவனிடமும் "ம்" என்பார், "சரிப்பா" என்பார், போனை என் கையில் கொடுத்துவிடுவார். சாப்பாடும் குறைந்துபோனது. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மீன் வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினார். காலையில் பல்லைத் தேய்த்ததும் முதல் வேலை அதன் முன்னால் போய் நிற்பது. "என்னடே, தூங்குனியா?" என்று அதைக் கேட்பார். என்னைத் தூங்கினாயா என்று அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை. எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் மனுஷன் பேசுகிறாரே, மீனிடமாவது பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மீன் செத்துப்போனால் இவர் மறுபடியும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் எனக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

தொட்டியோடு இலவசமாகக் கொடுத்தார்கள் என்று நாலைந்து பிளாஸ்டிக் செடிகளும் வந்திருந்தன. கண்ணைக் கூசுகிற பச்சை, அதில் ஒன்று ரோஸ். இரண்டு வாரத்தில் மீனின் வால் கந்தலாகிவிட்டது. பிளாஸ்டிக் இலையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்போல. மீன் அதற்குள் நுழைந்து வரும்போதெல்லாம் கிழித்திருக்கிறது. "இங்க வந்து பாரு. எம்புட்டு கிழிஞ்சிருக்குன்னு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அதுவும் தப்பாகப் போயிற்று. ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் மீன் பயந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. நீலம் வெளுத்துச் சாம்பல் நிறம் ஆனது. நிஜச் செடி வைத்தால்தான் தேறும் என்று அவரே செல்போனில் எதையோ பார்த்துக் கண்டுபிடித்தார்.

செடிதானே, அதற்கு எதற்குக் காசு என்று நான் நினைத்தேன். என் தங்கச்சியைச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய் வாய்க்கால். அதில் வேலம்பாசி கொத்துக் கொத்தாகக் கிடக்கும். ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். தொட்டியில் விட்டதும் என்ன அழகு! ரிப்பன் ரிப்பனாக நீளமாக ஆடியது. மீனும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. நாலாம் நாள் கண்ணாடி முழுக்கக் குட்டிக் குட்டி நத்தை. ஒரு வாரத்தில் செடி பழுப்பாகி, நூல் நூலாக இற்றுத் தண்ணீரில் மிதந்தது. எங்கள் வீட்டு முன்னறைக்கு வெயில் வராது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், மத்தியானத்திலும் லைட் போட வேண்டும். வெட்டவெளியில் வெயில் குடித்து வளர்ந்த செடி எங்கள் வீட்டு இருட்டில் எப்படிப் பிழைக்கும்? இதை அப்புறம்தான் யோசித்தேன். எனக்கு யோசனை எப்போதுமே அப்புறம்தான் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மீன் வாங்கிய அதே கடை. கடைக்காரர் ஒரு பாய், எங்கள் வயதுதான் இருக்கும். கடை சின்னது, ஆனால் மாடியில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பச்சை வலை போட்டுச் செடி வளர்க்கிறார். எங்களை மாடிக்கே கூட்டிப்போனார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்ல தொட்டி இருக்க எடத்துல வெளிச்சம் எப்படி?" என்பது.

"இருட்டுதான்" என்றார் இவர்.

"அப்ப செவப்புச் செடி, நைசான எல உள்ளது, இதுகள ஏறெடுத்துப் பாக்காதீக. அம்புட்டும் கரைஞ்சுபோகும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தொட்டிக்குள் கையை விட்டு ஒரு செடியை எடுத்தார். இலை வட்டமாக, கெட்டியாக, வெற்றிலைக்கு மெழுகு பூசின மாதிரி இருந்தது. "இது அனுபியாஸ். நெழல்லயே வளரும். மெதுவாத்தான் வளரும், ஆனா சாகாது. ஃபைட்டரு இந்த எல மேல ஏறிப் படுத்துக்கிரும், பாருங்க. வாலும் கிழியாது."

மீன் இலை மேல் படுக்கும் என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு குடுங்க" என்றார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "நல்லாப் பாத்து எடுங்க பாய்" என்றேன். பாய் சிரித்துக்கொண்டே எப்படிப் பார்த்து எடுப்பது என்று காட்டினார். இலையைப் பார்த்து மயங்கக்கூடாதாம். இலைகளுக்கு அடியில் இஞ்சித் துண்டு மாதிரி ஒரு கிழங்கு படுத்திருக்கும், அதை அமுக்கிப் பார்க்க வேண்டுமாம். கல்லு மாதிரி இருந்தால் நல்ல செடி. விரல் உள்ளே போனால் அழுகல். நான் ஏழெட்டுச் செடியை அமுக்கிப் பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். தக்காளி பொறுக்குகிற கை இல்லையா? கூடவே ஒரு கை ஜாவா மாஸ் வாங்கினோம். அது பாசி மாதிரி, வேர் என்று தனியாக ஒன்று கிடையாது, எதில் கட்டி வைக்கிறோமோ அதைப் பிடித்துப் படர்ந்துவிடும்.

"வீட்ல போய் மண்ணுல நட்டுறணும், அம்புட்டுத்தான?" என்றேன்.

"அய்யய்யோ! அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராதீகம்மா" என்று பாய் பதறினார். "அந்தக் கெழங்கு வெளிய இருக்கணும். மண்ணுக்குள்ள போச்சுன்னா ஒரே வாரத்துல அழுகிரும். கல்லு மேலயோ கட்ட மேலயோ வச்சு நூலால கட்டுங்க. ஒண்ணு ரெண்டு மாசத்துல வேரு கட்டையக் கவ்விப் பிடிச்சுக்கிரும். நைலான் வேண்டாம், அது செடிய அறுத்துப்போடும். பருத்தி நூலுதான் நல்லது. வேரு பிடிச்ச பொறவு அதுவா இத்துப்போகும். இந்தா, நூல்கண்டு ஒண்ணு தாரேன்..."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராஜபாளையத்துக்காரிக்குப் பருத்தி நூல் விற்கிறாராம்! "பாய், நான் தறிக்கூடத்துல வேல பாக்கவ. இவிய நூல் மில்லுக்காரவிய. எங்க வீட்ல நூலுக்கா பஞ்சம்? நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். அவர் "இல்லம்மா, இந்த நூலு..." என்று ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு கூடத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளில் பாவு பிணைக்கிறேன். நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு தீர்ந்ததும் அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டபின் அறுத்துவிடுகிற மிச்ச நூல் கத்தை கத்தையாக விழும். கூடத்தில் வேலை செய்கிற எல்லோர் வீட்டிலும் அது கிடக்கும். பூக் கட்டுவது அதில்தான், கருவேப்பிலைக் கட்டும், கொடியில் காய்கிற போர்வைக்கு முடிச்சும், முருங்கைக்காய்க் கட்டும் அதில்தான். கடையில் காசு கொடுத்துக் கட்டுநூல் வாங்கினதாக எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறைத் தரையில் ஈரத் துண்டை விரித்து உட்கார்ந்தோம். பாய் கொடுத்த மரக்கட்டையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அனுபியாஸைக் கட்டை மேல் படுக்கவைத்து, கிழங்கை ஒட்டிச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். லேசாகக் கட்டினால் போதும் என்று பாய் சொல்லியிருந்தார். என் கை லேசாகக் கட்டுமா? ஒரு கத்தை நூல் காலியாயிற்று. மாஸை எப்படிக் கட்டுவது என்று யோசித்தபோது எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. பேண்டேஜ் துணிதான் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே! தறியிலிருந்து அறுத்த துணியில் ஒரு முழம் வீட்டில் கிடந்தது. அதை இரண்டாக மடித்து நடுவில் மாஸைப் பரப்பி, நாலு ஓரமும் முடிச்சுப் போட்டு, கட்டையின் முதுகில் போர்த்திக் கட்டினேன். ஓட்டை வழியாக மாஸ் வெளியே வளர்ந்து, கட்டை முழுக்கப் பச்சையாகிவிடும் என்று கணக்கு.

அன்றைக்கு அவர் நிறையப் பேசினார். ஒருமுறை நைட் ஷிப்டில் ஒருத்தர் நின்றுகொண்டே தூங்கி, பஞ்சு வண்டிக்குள் விழுந்து, அதற்குள்ளேயே தூங்கித் தொலைத்த கதையைச் சொன்னார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தக் கதையை எனக்குச் சொன்னதே இல்லை. நான் சிரித்து முடிச்சைத் தவறவிட்டேன். கட்டையைத் தொட்டிக்குள் இறக்கியதும் மீன் முதலில் விறைத்து நின்றது. பிறகு மெதுவாக வந்து, இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடியில் போய் நுழைந்துகொண்டது. எங்களுக்குக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டின சந்தோஷம்.

திங்கள்கிழமை காலை தண்ணீர் லேசாக மங்கியிருந்தது. புதுச் செடி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது தொட்டிக்குள் செடி இருப்பதே தெரியவில்லை. பால் மாதிரி வெள்ளை. உறைக்குத் தயிர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, தெலுங்கு பேசுகிற ராஜூக்கள் வீட்டுப் பெண், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமிதி அக்கா, மோருக்குள்ள மீன விட்டு வச்சிருக்கீக?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தயிரையே கொடுக்காமல் அனுப்பியிருப்பேன். மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினோம். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் நினைத்த நாளில் வராது. டிரம்மில் பிடித்து ஊறவைத்த தண்ணீர் எப்போதும் இருக்கும். மீனுக்கு அதுதான் நல்லதும்கூட. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது. மீனைக் காணவில்லை.

கையை உள்ளே விட்டேன். தண்ணீர் வழுவழு என்று விரலில் ஒட்டியது. கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். புளித்த வாசனை. அந்த வாசனையை எனக்குத் தெரியும். லீவு முடிந்து தறிக்கூடத்தைத் திறக்கும்போது வருகிற அதே வாசனை.

கஞ்சி!

பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றித்தான் அனுப்புவார்கள். கெட்டியாகக் காய்ந்து விறைப்பாக இருக்கும். நெய்து முடித்த துணியிலும் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். அதை வேகவைத்து, வெளுத்து, கஞ்சியெல்லாம் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். வேகவைக்காத துணியைப் புண்ணில் வைத்தால் ரத்தத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. இது எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம் அந்தக் கஞ்சி என் நகக்கண்ணில் ஏறியிருக்கிறது! ஒரு முழத் துணியும் ஒரு கத்தை நூலும் சேர்த்து, மீனைக் கஞ்சிப் பானைக்குள் அல்லவா போட்டிருக்கிறேன்! பாய் சொல்ல வந்தது இதைத்தானோ என்னவோ, நான் எங்கே கேட்டேன்? சனியன் பிடித்த வாய் எனக்கு. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

கட்டையைத் தூக்கினோம். மீன் அதற்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. அகலமான எவர்சில்வர் சட்டியில் டிரம் தண்ணீரை ஊற்றி, அதில் விட்டோம். அப்படியே சாய்ந்து அடியில் போய்ப் படுத்துவிட்டது. பாய்க்குப் போன் போட்டு, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "பயப்படாதீகம்மா. வேற மீனுன்னா இந்நேரம் போயிருக்கும். ஃபைட்டரு மேல வந்து காத்தக் குடிச்சுப் பொழைச்சுக்கிரும். தண்ணி உசரம் கம்மியா வையுங்க, செத்த நேரத்துக்கு ஒருக்கப் பாருங்க, தீனி போடாதீக" என்றார்.

நான் லீவு சொன்னேன். அவர் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போய் ஆடை படிந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் "பொறவு" என்றார். அந்த மனுஷனைச் சிரிக்கவைத்த ஒரே ஜீவனை என் திமிரால் கொன்றுவிட்டேனே என்று நினைத்தேன். அடுப்படியில் போய் நின்று அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

சும்மா இருக்க முடியாமல் கட்டையைக் கவனித்தேன். என் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தேன். அனுபியாஸ் கிழங்கை அமுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. செடி பிழைத்துவிட்டது. அதையும் மாஸையும் அலசி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவைத்தேன். தொட்டியைக் காலி செய்து கழுவினோம். வேறு நூலைப் புதுப் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தேன். முதல் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வந்தது. கஞ்சி போயிற்றா என்று பார்க்கக் கூடத்தில் ஒரு வழி உண்டு. டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால், கஞ்சி இருந்தால் நூல் கருநீலமாகிவிடும். வீட்டில் காயத்துக்கு வைத்திருந்த டிங்சரை ஒரு துண்டு நூலில் விட்டேன். மை மாதிரி கறுத்தது. மறுபடியும் வேகவைத்தேன், கறுத்தது. நாலாவது தடவை டிங்சரின் பழுப்பு நிறம் மட்டும் நின்றது. அந்தத் துண்டை எறிந்துவிட்டு, மிச்ச நூலை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன்.

புதன்கிழமையும் மீன் படுத்தே கிடந்தது. எப்போதாவது எழும்பி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, மறுபடியும் சாய்ந்துவிடும். அவர் நாற்காலிக்குப் போகவில்லை, தரையிலேயே இருந்தார். வியாழக்கிழமை காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து, "ஏட்டி! ஏட்டி, ஓடியா!" என்று ஒரு சத்தம். தெருவே கேட்டிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். மீன் நிமிர்ந்து நின்றது. அவர் விரல் நுனியில் ஒரே ஒரு தீனி உருண்டையை வைத்து நீட்டினார். வந்தது, பார்த்தது, டக்கென்று கொத்தியது. "மகராசன்டா நீ!" என்று நான் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றைக்கு அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் துண்டை விரித்து உட்கார்ந்தோம். அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் வெந்த நூலை எடுத்தேன். இப்போது அது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, கிழங்கு நசுங்காமல் ஒரு முடிச்சு. முதல் செடியைக் கட்டி முடித்தேன். மனசு நிம்மதியாக இருந்ததால் வாய் தானாகத் திறந்தது.

"நாந்தான் கூறுகெட்டவ. நீங்க முப்பத்தஞ்சு வருசம் நூலோட கெடந்தவுகதானே? கஞ்சி நூலுன்னு உங்களுக்காச்சும் தோணக்கூடாதா?"

அவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோணுச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன தோணுச்சு?"

"நீ கத்தையப் பிரிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. துணிய மடிக்கும்போதும் தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீக?" என் குரல் எகிறிவிட்டது. "அடப் பாவி மனுசா! மீனு செத்திருந்தா?"

"செத்துத்தான் போயிருக்கும். இம்புட்டு மோசமாப் போகும்னு நான் நெனைக்கல. லேசாக் கலங்கும், தண்ணி மாத்திக்கிருவோம்னு இருந்துட்டேன். மூணு நாளும் ஒம் மொகத்தப் பாக்க எனக்கு முடியல." கட்டையில் ஒட்டியிருந்த ஒரு நூல் துணுக்கைக் கிள்ளி எடுத்தார். பிறகு, "சொல்லிருப்பேன். சொன்னா ஒனக்குக் கோவம் வரும், நூல வீசிட்டு எந்திரிச்சுப் போயிருவ. நீ எம் பக்கத்துல வந்து அம்புட்டு நேரம் ஒக்காந்து எத்தன வருசமாச்சு? அதான் சொல்லல" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை, நான் எழுந்துதான் போயிருப்பேன். அவர் ஷிப்டும் என் வேலையும் பையன் படிப்புமாக ஓடினதில், நான் அவர் பக்கத்தில் உட்காரவே இல்லை. ஓய்வு பெற்று வந்த பிறகும் சோற்றை வைத்துவிட்டு, இரண்டு சத்தம் போட்டுவிட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தேன். மீன்தான் இந்த மனுஷனைப் பிழைக்கவைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்வதற்காக அந்த மீனையே விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"பிடிங்க ஒழுங்கா. கட்ட ஆடுது" என்றேன்.

பிடித்தார். இரண்டாவது செடியையும் கட்டினேன். மாஸை ஓர் ஓரத்தில் வைத்து நூலை மெல்லச் சுற்றினேன். வேலை முடிந்துவிட்டது. தண்ணீருக்குள் இறக்க அவர் கட்டையைத் தூக்கப் போனார்.

"செத்த இருங்க. இது சரியாவே இல்ல" என்று சொல்லி, நன்றாகக் கட்டியிருந்த முதல் செடியின் முடிச்சை அவிழ்த்தேன்.